மான் நிறைய இருக்கிற இடத்தில் வேட்டை ஏன் அமைவதில்லை? காடு, மேடு, வீடு பற்றி ஒரு சந்தேகம்

தடம்தேடி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கேட்பது அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்து வெள்ளைவால் மான் வேட்டை பற்றி. லைசென்ஸ் எடுத்து அதிக காலம் ஆகவில்லை, அதனால் கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் போகக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று புறநகர் ஓரம்: வீடுகள், நடுநடுவே துண்டு துண்டாகக் காடு, ஒரு ஓடை, பக்கத்தில் கொஞ்சம் விவசாய நிலம். அங்கே மான் எப்போதும் கண்ணில் படும், தோட்டத்துச் செடிகளை எல்லாம் மேய்ந்துவிட்டுப் போகும். ஆனால் சுடவோ அம்பு விடவோ தோதான ஒரு சந்தர்ப்பம் அமைவதே இல்லை. இன்னொன்று பெரிய அரசு வனம், மேடும் பள்ளமுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் காடு. சுடுவதற்குத் தடை எதுவும் கிடையாது, ஆனால் மானே கிடையாது! புழுக்கையும் தடமும் இருக்கின்றன, ஆளைக் காணோம்.

மாநில வனவிலங்குத் துறை வெளியிடுகிற வேட்டைக் கணக்கு மேப்பைப் பார்த்தால், வயலும் காடும் கலந்து கிடக்கிற மாவட்டங்கள்தான் அடர்ந்த நிறத்தில் இருக்கின்றன. அங்கே மான் அதிகம் என்று அர்த்தமா, இல்லை அங்கே மானைப் பிடிப்பது சுலபம் என்று அர்த்தமா? நிலத்தின் அமைப்பும் மனிதக் குடியிருப்பும் வேட்டையை எந்த அளவுக்குத் தீர்மானிக்கின்றன? "ஓரம் பார்த்து உட்காரு" என்று எல்லாரும் சொல்கிறார்கள், எந்த ஓரம் என்று ஒருவரும் சொல்வதில்லை.

—

பரண்மேல் எழுதியது:

தம்பி, சின்னப்பிள்ளைத்தனமான கேள்வி இல்லை இது. பல வருஷம் போய் வந்தவர்களே இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

மான் எத்தனை இருக்கிறது என்பது ஒரு கணக்கு. அந்த மான் நிற்கிற இடத்துக்கு நீ சட்டப்படி போக முடியுமா, போனால் சுட முடியுமா என்பது வேறு கணக்கு. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் பேசுவதில்லை: பகல் வெளிச்சத்தில் அந்த மான் எழுந்து நடக்குமா? மூன்றும் ஒரே இடத்தில் ஒன்றுசேர்ந்தால்தான் வேட்டை. உன் புறநகரில் முதலாவது மட்டும் இருக்கிறது. உன் வனத்தில் இரண்டாவது மட்டும் இருக்கிறது.

முதலில் மான் எண்ணிக்கை. வெள்ளைவால் மான் அடர்காட்டு விலங்கு என்று நினைத்தால் அது தப்பு. மரங்கள் முதிர்ந்து மேலே கூரை மாதிரி மூடிவிட்ட காட்டில் தரையில் வெளிச்சம் விழாது, வெளிச்சம் இல்லையென்றால் குருத்து இல்லை, மானுக்கு வாய் எட்டுகிற ஐந்தாறு அடி உயரத்துக்குள் தின்ன ஒன்றும் இருக்காது. அதே காட்டை ஒரு பக்கம் வெட்டிவிட்டால், அடுத்த சில ஆண்டுகள் அந்தத் துண்டு தளிரும் முள்புதருமாக நிறைந்து மானுக்குச் சாப்பாடும் மறைவும் ஒரே இடத்தில் கிடைக்கும். காட்டுக்கும் வயலுக்கும் நடுவில் வரும் விளிம்பும் அப்படித்தான். அமெரிக்க வனவிலங்கு அறிஞர் ஆல்டோ லியோபோல்ட் 1930களிலேயே வேட்டை விலங்குகளைப் பற்றி இதைச் சொல்லிவிட்டார்: பெரிய பெரிய ஒரே மாதிரிப் பரப்புகளைவிடச் சின்னச் சின்னதாகக் கலந்து கிடக்கிற நிலத்தில்தான் இவை பெருகும், ஏனென்றால் விளிம்பின் நீளம் அங்கே அதிகம். ஆகவே வயலும் காடும் கலந்த மாவட்டத்தில் மான் நிஜமாகவே அதிகம்தான், மேப் பொய் சொல்லவில்லை.

புறநகர் இந்தக் கலப்பின் உச்சம் என்று வைத்துக்கொள். உரம் போட்ட புல்தரை, பூச்செடி, பழமரம், ஓடையோரப் புதர், ஓநாய் கிடையாது, துப்பாக்கியும் கிடையாது. சதுர மைலுக்கு 50 மானுக்கு மேல் சேர்ந்துவிடுகிற புறநகர்கள் உண்டு. 1900 வாக்கில் அமெரிக்கா முழுக்கவே சில லட்சம் வெள்ளைவால் மான்தான் மிஞ்சியிருந்தது, இன்று ஏறக்குறைய மூன்று கோடி. மனிதன் குடியேறினால் மான் அழியும் என்ற பழைய கணக்கு இந்த விலங்கிடம் மட்டும் செல்லுபடியாகாது. அதை அழித்தது வீடு இல்லை, கட்டுப்பாடில்லாமல் சுட்டு இறைச்சிச் சந்தைக்கு அனுப்பியது.

இப்போது இரண்டாவது கணக்கு. உன் மாநிலம் எது என்று தெரியாது, நியூயார்க்கை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். அங்கே அடுத்தவர் வீட்டிலிருந்து 500 அடிக்குள் அவர் சம்மதம் இல்லாமல் துப்பாக்கி சுடக்கூடாது. 500 அடி ஒன்றும் பெரிய தூரமில்லை என்று தோன்றும். வட்டம் போட்டுப் பார்: ஒரு வீடு தன்னைச் சுற்றிச் சுமார் 18 ஏக்கரைப் பூட்டிவிடுகிறது. 100 ஏக்கர் காட்டில் ஐந்து வீடு, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டினால் நிலத்தின் பெரும்பகுதி போச்சு. மேலே இருந்து பார்த்தால் அது காடுதான், மானும் அதைக் காடு என்றுதான் நினைக்கும், துப்பாக்கிக்காரனுக்கு மட்டும் அது ஊர். அந்த ஐந்து வீட்டையும் ஒரே மூலையில் நெருக்கிக் கட்டியிருந்தால் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பாதிக்கு மேல் நிலம் திறந்திருக்கும். வீட்டின் எண்ணிக்கையைவிட அது சிதறிக் கிடக்கிற விதம்தான் வேட்டையைக் கெடுக்கிறது. ஊரை விட்டுத் தள்ளி, ஆளுக்கு ஐந்து ஏக்கர் பத்து ஏக்கர் என்று வாங்கிக் காட்டுக்குள் வீடு கட்டிக்கொள்கிறார்களே, அந்த மாதிரிப் பகுதிகள்தான் மானுக்குச் சொர்க்கம்.

வில் என்றால் கதை வேறு. அதே நியூயார்க்கில் வில்லுக்கு 150 அடிதான், பென்சில்வேனியாவில் துப்பாக்கிக்கு 150 கெஜம், வில்லுக்கு 50 கெஜம். 150 அடி வட்டம் என்பது ஒன்றரை ஏக்கர் சொச்சம். 18 எங்கே, ஒன்றரை எங்கே! உன் முதல் இடத்துக்குத் துப்பாக்கியை மறந்துவிட்டு வில்லை எடு. உங்கள் மாநிலத்து விதியை மட்டும் துறையின் கையேட்டில் பார்த்துக்கொள், ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு அளவு.

—

நிலப்படம் எழுதியது:

பரண்மேல் அண்ணன் சொன்ன மூன்றாவது கணக்கை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பெரிய வனத்துக்கான பதில் அதில்தான் இருக்கிறது.

வேட்டைக்காரன் எங்கே போகிறான் என்பதை ஜிபிஎஸ் வைத்தும் விமானத்தில் இருந்து எண்ணியும் பார்த்திருக்கிறார்கள், பென்சில்வேனியாவின் பொது வனங்களில் இந்த வேலை நன்றாகவே நடந்தது. வந்த முடிவு யாரும் ஊகிக்கக்கூடியதுதான், ஆனால் அதன் அளவுதான் ஆச்சரியம்: சாலையிலிருந்து தூரம் கூடக் கூட ஆள் வேகமாகக் குறைகிறான், பெரும்பாலானவர்கள் அரை கிலோமீட்டருக்குள்ளேயே நின்றுவிடுகிறார்கள். சரிவு கூடினாலும் அப்படியே. ஆக ஒரு பெரிய வனத்தின் மேப்பில் சாலைகளின் இரு பக்கமும் ஒரு பட்டை வரைந்து, செங்குத்தான இடங்களை அதிலிருந்து கழித்தால், மீதமிருப்பதுதான் உண்மையில் வேட்டை நடக்கிற காடு. அதற்கு வெளியே இருப்பதெல்லாம் பெயருக்கு வேட்டைக்காடு, உண்மையில் சரணாலயம்.

மானுக்கு இது தெரியுமா என்றால், தெரியும். கனடாவின் ஆல்பர்ட்டாவில் எல்க் மான்களுக்குக் கழுத்துப்பட்டை போட்டுத் தொடர்ந்து பார்த்து 2012-இல் ஒரு ஆய்வு வந்தது. வேட்டையில் விழுந்தவை அதிகம் நடமாடிய, திறந்தவெளியையும் சாலையோரத்தையும் அதிகம் பயன்படுத்திய மான்கள். தப்பியவை குறைவாக நகர்ந்தவை, சீசன் தொடங்கியதும் மறைவுக்குள் போனவை. நார்வேயில் ஆண் செம்மான்களிடமும் இதையே பார்த்தார்கள்: வேட்டை தொடங்குகிற நேரத்தில் அடர்ந்த மறைவுக்கு இடம் மாறிய மான்கள் பிழைத்துக்கொண்டன.

எனக்கு மிகவும் பிடித்தது நார்வேயில் ரோ மான்களை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வு, 2014-இல் வந்தது. அங்கே லின்க்ஸ் என்ற பெரிய காட்டுப்பூனையும் வேட்டையாடுகிறது, மனிதனும் வேட்டையாடுகிறான். லின்க்ஸ் கொல்வது புதர் அடர்ந்த, கரடுமுரடான இடங்களில், பதுங்கிப் பாய அதற்கு மறைவு வேண்டும். மனிதன் கொல்வது பார்வை எட்டுகிற திறந்த இடங்களில். மானுக்கு இந்தப் பக்கம் போனால் பூனை, அந்தப் பக்கம் போனால் துப்பாக்கி. பூனை இல்லாத காட்டில் மான் கண்ணை மூடிக்கொண்டு புதருக்குள் போய்விடும், அதைத் தடுக்க எதுவும் இல்லை. உங்கள் வனத்தில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

நேரமும் மாறுகிறது. உலகம் முழுக்க 62 பாலூட்டி இனங்களைச் சேர்த்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, மனிதத் தொந்தரவு அதிகமுள்ள இடங்களில் விலங்குகளின் இரவு நடமாட்டம் 1.36 மடங்கு ஆகிறது என்று சொன்னது. வேட்டைக்குப் போனாலும் சரி, சும்மா நடைப்பயிற்சிக்குப் போனாலும் சரி, ஏறக்குறைய ஒரே விளைவுதான். புழுக்கை இருக்கிறது ஆளைக் காணோம் என்றீர்களே, அது ராத்திரி போட்ட புழுக்கை.

அப்புறம் மேப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது காட்டுவது வீழ்ந்த மானை, இருக்கிற மானை அல்ல. சில மாநிலங்களில் எண்ணிக்கையையே வேட்டைக் கணக்கிலிருந்துதான் பின்னோக்கி மதிப்பிடுகிறார்கள், விஸ்கான்சின் அப்படிச் செய்கிற மாநிலம். யாரும் போக முடியாத நிலம் நிறைய உள்ள மாவட்டத்தில் மான் குவிந்து கிடந்தாலும் கணக்கில் குறைவாகத்தான் விழும். சதுர மைலுக்கு எத்தனை மான் வீழ்ந்தது என்பதும், போன ஆட்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதும் வேறு வேறு எண்கள். முதல் எண் உயர்ந்திருப்பது ஆள் கூட்டத்தாலேயே இருக்கலாம். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது எண்.

—

கிழக்குச்சரிவு எழுதியது:

ஆய்வு எல்லாம் சரி. ஆனால் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை கூட வரவில்லையே!

மேட்டு நிலத்தில் காற்றுதான் எல்லாம். வெயில் ஏறும்போது சரிவு சூடாகிக் காற்று மேலே ஏறும், பொழுது சாயச் சாய அதே காற்று குளிர்ந்து பள்ளத்துக்கு வழியும். வானிலை அறிக்கை மேற்குக் காற்று என்று சொல்லும், நீ உட்கார்ந்திருக்கிற ஓடைப் பள்ளத்தில் மாலை நாலரைக்கு மேல் உன் வாசனை மொத்தமும் ஓடை போகிற திசையில் கீழே போய்க்கொண்டிருக்கும். கொஞ்சம் பஞ்சுத் தூளைப் பறக்கவிட்டுப் பார், தெரியும். முதலில் மேற்குக் காற்றோடு பக்கவாட்டில் போகும், பத்தடி தள்ளித் தயங்கும், அப்புறம் யாரோ கீழே இருந்து இழுத்த மாதிரி இறங்கி ஓடைக் கரைப் புல்லோடு புல்லாகப் போகும். அந்த ஓடைக்கரையில்தான் மான் வரும் என்று நீ காத்திருப்பாய்.

மான் படுக்கிற இடமும் காற்றை வைத்துத்தான். முகட்டுக்குச் சற்றுக் கீழே, காற்று மறைகிற பக்கத்துச் சரிவில் படுக்கும். முதுகுப் பக்கத்தை மூக்கு பார்த்துக்கொள்ளும், கீழ்ப்பக்கத்தைக் கண் பார்த்துக்கொள்ளும். நீ கீழே இருந்து ஏறினால் கண்ணில் படுவாய், மேலே இருந்து இறங்கினால் மூக்கில் படுவாய். அதனால் படுக்கைக்கே போகக்கூடாது, அது எழுந்து போகிற வழியில் நிற்க வேண்டும். மேப்பில் இரண்டு மேடுகளுக்கு நடுவே முகடு தாழ்கிற கழுத்து தெரிகிறதா? மான் நம்மைப் போலச் சோம்பேறி, ஏறுவதற்கு அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுக்கும். செங்குத்துப் பாறைக்கும் ஓடைக்கும் நடுவில் குறுகி வரும் நிலமும் அப்படித்தான்.

இன்னொன்று, ஓக் கொட்டை. கொட்டை நன்றாக விழுந்த வருஷம் மானுக்கு வயலுக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. காட்டுக்குள்ளேயே படுத்து, நாலடி நடந்து, தின்றுவிட்டு மறுபடி படுத்துவிடும். வயலோரம் பரண் கட்டினவன் எல்லாம் "மான் குறைந்துபோச்சு" என்று புலம்புவான். அடுத்த வருஷம் கொட்டை இல்லை என்றால் அதே வயலோரம் களைகட்டும். நிலம் மாறவில்லை, வீடு மாறவில்லை, வருஷம் மட்டும் மாறியது. உங்கள் ஆய்வில் இதை எல்லாம் எங்கே வைப்பீர்கள்?

—

நிலப்படம் எழுதியது:

வைத்துத்தான் பார்க்கிறார்கள் ஐயா, கொட்டை விளைச்சலைத் துறைகளே ஆண்டுதோறும் மதிப்பிட்டு வெளியிடுகின்றன. காற்றை எந்த மாவட்ட மேப்பிலும் போட முடியாது, அதை ஒத்துக்கொள்கிறேன். பெரிய அளவில் பார்த்தால் வீடும் சாலையும் பேசும், ஒரு சரிவுக்குள் இறங்கிவிட்டால் நீங்கள் சொல்வது பேசும். எந்த மாவட்டம் என்று முடிவு செய்ய காற்று உதவாது, எந்த மரம் என்று முடிவு செய்ய மேப் உதவாது.

—

ஊரோரம் எழுதியது:

நான் புறநகரில் வில்லோடு போகிறவன், வேறு எங்கும் போவதில்லை. தம்பியின் முதல் இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அங்கே வேட்டை அமைவது காட்டில் இல்லை, கதவில். சின்னச் சின்னத் துண்டு நிலங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர், ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து. ஒருவர் செடியைத் தின்றுவிட்டது என்று கொதித்துக்கொண்டிருப்பார், அடுத்த வீட்டுக்காரர் அதே மானுக்குப் பெயர் வைத்து மக்காச்சோளம் போட்டுக்கொண்டிருப்பார். அனுமதி கொடுப்பவரின் நிலம் மூன்று ஏக்கர்தான் இருக்கும். அந்த மூன்று ஏக்கர் ஓடைப் புதரையும் அடுத்த காட்டுத் துண்டையும் இணைக்கிற குறுகலில் இருந்தால் முப்பது ஏக்கரைவிட உசத்தி, மான் ஒவ்வொரு நாளும் அதைக் கடந்தாக வேண்டும். புறநகர் மான் சுற்றுகிற பரப்பு சிறியது. காட்டு மானுக்கு ஏறக்குறைய ஒரு சதுர மைல் என்றால் இதற்கு அதைவிடக் குறைவு, எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கிறது, எதற்கு அலைய வேண்டும்? வேலி, சாலை, நீச்சல் குளம், வீடு இவையே மேடு பள்ளத்தின் வேலையைச் செய்து அதன் பாதையைக் குறுக்கிவிடும். இரண்டு வேலிகளின் மூலைகள் சந்திக்கிற இடத்தில் விட்டுப்போன எட்டடி சந்து ஒன்றைக் கண்டுபிடித்தால் போதும். மண் தேய்ந்து பளபளவென்று தடம் இருக்கும், வேலிக் கம்பியின் கீழ்ப்பக்கத்தில் பழுப்பு முடி ஒட்டியிருக்கும், குனிந்து போகும்போது முதுகு உரசிய முடி.

மனிதச் சத்தத்துக்கு இவை பயப்படாது என்பதும் பாதிதான் உண்மை. புல்வெட்டும் இயந்திரம் ஓடும், குழந்தைகள் கத்துவார்கள், மான் தலையைக்கூடத் தூக்காது. ஏனென்றால் அந்தச் சத்தம் அந்த இடத்தில் வழக்கமானது. அதே மனிதன் வழக்கமில்லாத புதருக்குள் சத்தமில்லாமல் நின்றால் காற்றில் ஒரு இழை வாசனை போதும், அன்றைக்கு அவ்வளவுதான். நான் பரணுக்குப் போவதே வீட்டுக்காரர் நாயை நடத்திக்கொண்டு போகிற பாதை வழியாகத்தான்.

பெரிய பிரச்சினை அம்பு பட்ட பிறகு. நன்றாகவே பட்டாலும் மான் நூறு கெஜம் ஓடும். காட்டில் நூறு கெஜம் ஒரு விஷயமே இல்லை, இங்கே அது மூன்று வீட்டுப் புழக்கடை. பல மாநிலங்களில் அடிபட்ட மானைத் தேடக்கூட அடுத்தவர் நிலத்தில் அனுமதி இல்லாமல் காலை வைக்க முடியாது. அதனால் நான் இருபது கெஜத்துக்கு மேல் அம்பு விடுவதே இல்லை, சுற்றியிருக்கிற வீட்டுக்காரர்கள் எல்லாரிடமும் சீசனுக்கு முன்பே பேசி வைத்துவிடுகிறேன். "சந்தர்ப்பம் அமைவதே இல்லை" என்று தம்பி எழுதியிருக்கிறார். கண்ணில் படுகிற பத்து மானில் ஒன்பதை விட்டுவிடுவதுதான் புறநகர் வேட்டை.

சில ஊர்களில் இதுவும் முடியாது என்று வேறு வழிக்குப் போய்விட்டார்கள். நியூயார்க் நகரம் 2016-இல் ஸ்டேட்டன் தீவில் ஆண் மான்களைப் பிடித்துக் குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கியது, நிஜமாகத்தான் சொல்கிறேன். மான் இருக்கிறது, ஆள் இருக்கிறான், வில் இருக்கிறது, நிலம் மட்டும் கையில் இல்லை என்றால் கடைசியில் கதை இப்படித்தான் போகும்.

—

தடம்தேடி எழுதியது:

ஊரோரம் அண்ணா, வேலிச் சந்து விஷயம் அருமை, அப்படி ஒன்று நான் பார்த்த இடத்தில் இருக்கிறது. அந்த நிலம் யாருடையது என்று பார்க்கிறேன்.

ஒரு சந்தேகம். வயலும் காடும் கலந்த மாவட்டத்துக்கே போய்விட்டால் இந்தத் தலைவலி எல்லாம் தீருமா? அங்கே வீடும் குறைவு, மானும் அதிகம் என்றுதானே பரண்மேல் அண்ணன் சொன்னார்?

—

சமவெளி எழுதியது:

நான் அந்த மாதிரி நிலத்தில்தான் இருக்கிறேன். தலைவலி தீராது, வேறு தலைவலி வரும்.

சமவெளியில் காடு என்பதே ஓடையோரமும் சில துண்டுகளும்தான். மீதி எல்லாம் மக்காச்சோளமும் சோயாவும். நிலமோ முழுக்கத் தனியார் கையில். இங்கே மான் வேட்டை எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது அறுவடை இயந்திரம்தான். மக்காச்சோளம் நிற்கிற வரைக்கும் அதுதான் காடு: ஆள் உயரத்துக்கு மேல், உள்ளே நுழைந்தால் பத்தடி பார்வை, சாப்பாடும் படுக்கையும் ஒரே இடம், எந்த ஓரத்துக்கும் வர வேண்டியதில்லை. மழையால் அறுவடை தள்ளிப்போன வருஷம் துப்பாக்கி சீசன் தொடங்கும்போது சோளம் நின்றுகொண்டிருந்தால் வேட்டைக் கணக்கு விழும், துறையே அதைக் காரணமாகச் சொல்லும். அறுத்து முடித்தார்களோ, ஒரே வாரத்தில் அத்தனை மானும் மிஞ்சியிருக்கிற பத்து ஏக்கர் காட்டுத் துண்டுக்குள் வந்து அடைந்துவிடும். அந்தப் பத்து ஏக்கர் உன் கையில் இருந்தால் ராஜா, இல்லையென்றால் சாலையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம்.

சமதளம் என்பதால் ஆயுதமும் மாறும். மேட்டு நிலத்தில் தவறிய தோட்டாவை அடுத்த சரிவு வாங்கிக்கொள்ளும், இங்கே வாங்கிக்கொள்ள மண்ணே இல்லை, அடுத்த பண்ணை வீடு வரைக்கும் போகும். இல்லினாய், ஒஹாயோ பக்கமெல்லாம் நெடுங்காலம் மானுக்கு ரைபிளே அனுமதி இல்லாமல் ஷாட்கன் மட்டும் இருந்ததற்கு இதுதான் காரணம். ஒஹாயோவில் 2014-இல்தான் நேர்ச்சுவர்த் தோட்டா (உறை கழுத்தில் குறுகாமல் நேராக இருக்கிற தோட்டா) வகை ரைபிள்களை விட்டார்கள், அதுவும் வேகம் குறைந்து சீக்கிரம் விழுகிற தோட்டா என்பதால். ஷாட்கன்னுக்கு நூறு கெஜம் சொச்சம்தான் எட்டும், திறந்த வயலில் முந்நூறு கெஜத்தில் மான் நிற்கும். பார்க்கலாம், சுட முடியாது. பரண் உயரமாக இருந்தால் தோட்டா கீழ்நோக்கிப் போய் மண்ணில் இறங்கும் என்பதால் எங்கள் பக்கம் பரண்தான் எல்லாருக்கும். ஜெர்மனியில் வயலோரம் எங்கே பார்த்தாலும் உயர மேடை இருப்பதற்கும் பாதிக் காரணம் இதுதான், அங்கே ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் ரோ மான் வேட்டையாடுகிறார்கள், அத்தனையும் ஊர்களுக்கு நடுவே.

அனுமதி வாங்குவதும் முன்னைவிடக் கஷ்டம். பண்ணை பிரிந்து பிரிந்து வாரிசுகளுக்குப் போகிறது, ஒருவர் காலத்தில் நானூறு ஏக்கருக்கு ஒரே கதவு தட்டினால் போதும், இப்போது எட்டுக் கதவு. அதில் இரண்டு பேர் தகவலே வராத வெளியூரில்.

—

பரண்மேல் எழுதியது:

சமவெளி சொன்னதற்கு நேர் எதிர்ப் பக்கமும் உண்டு, குடியிருப்பு பெருகினால்தான் சிக்கல் என்று இல்லை, குறைந்தாலும் சிக்கல். ஜப்பானில் மலைக் கிராமங்களில் ஆள் குறைந்து வயல்கள் புதரானதும் சிகா மான் தாறுமாறாகப் பெருகியது. வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் 1970களில் ஐந்து லட்சத்துக்கு மேல், அப்புறம் பாதிக்கும் கீழே போய்விட்டார்கள், இருப்பவர்களிலும் பாதிக்கு மேல் வயசானவர்கள். நிலம் மொத்தமும் திறந்து கிடக்கிறது, மலை ஏற ஆள் இல்லை.

தம்பி, மாவட்டம் மாற வேண்டாம். உன் பெரிய வனத்தையே இப்படிப் பார்: மேப்பில் முதலில் மானைத் தேடாதே, மனிதனைத் தேடு. வண்டி நிறுத்துகிற இடங்களைக் குறி, வாயில் பூட்டப்பட்ட பழைய மரம் வெட்டும் சாலைகளைக் குறி, எல்லாவற்றையும் சுற்றி அரை கிலோமீட்டர் நிழல் போடு. நிழல் விழாத இடத்தில் கடந்த பத்து பதினைந்து ஆண்டுகளுக்குள் வெட்டிய துண்டு ஏதாவது இருக்கிறதா பார், வனத்துறையின் மேப்பிலேயே வெட்டிய ஆண்டு இருக்கும். இருந்தால் அதற்கும் பக்கத்து ஓக் மேட்டுக்கும் நடுவில் கிழக்குச்சரிவு சொன்ன கழுத்தைத் தேடு. துப்பாக்கி சீசன் முதல் நாள் மட்டும் கணக்கு தலைகீழ்: அன்றைக்கு விடியும்போது சாலைப் பக்கமிருந்து நுழைகிற கூட்டமே மானைக் கிளப்பிவிடும், அது தப்பி ஓடுகிற வழியில் இருட்டோடு இருட்டாகப் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். மற்ற நாளில் நீயாகத்தான் அதன் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

உள்ளே போவதற்கு முன்னால் ஒன்று யோசி: வீழ்த்தினால் அதை வெளியே கொண்டுவர வேண்டும். இரண்டு கிலோமீட்டர், நடுவில் ஒரு ஓடை, ஏற்றம் வேறு. மற்றவர்கள் அரை கிலோமீட்டரில் நிற்பதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை.

—

கிழக்குச்சரிவு எழுதியது:

அதனால்தான் மான் படுக்கைக்கு மேலே வண்டி நிறுத்தக்கூடிய இடத்தைத் தேடச் சொல்வேன். மேலிருந்து போய், முகட்டைத் தாண்டாமல் பக்கவாட்டில் சுற்றி, கீழே இழுத்துக்கொண்டு வெளியே வருகிற மாதிரி இன்னொரு வண்டியைப் பள்ளத்துச் சாலையில் விடு. கூட ஒரு ஆள் வேண்டும்.

—

தடம்தேடி எழுதியது:

ஆள் இருக்கிறான், ஆனால் அவனுக்கு விடியற்காலையில் எழுந்திருப்பதுதான் கஷ்டம். வெட்டிய துண்டுகள் மேப்பில் மூன்று கிடைத்தன. இரண்டு சாலை நிழலுக்குள்ளேயே விழுகின்றன. மூன்றாவது வெளியே இருக்கிறது, ஆனால் அதற்குப் போகிற ஒரே சமமான வழி ஒரு தனியார் நிலத்தை ஒட்டிப் போகிறது, எல்லை எங்கே என்று மேப்பில் தெளிவாக இல்லை. அதை எப்படிச் சரிபார்ப்பது?

—

ஊரோரம் எழுதியது:

மாவட்ட அலுவலகத்தின் நில வரி மேப்பில் எல்லையும் உரிமையாளர் பெயரும் இருக்கும், பெரும்பாலான இடங்களில் இணையத்திலேயே பார்க்கலாம். அதிலும் சில கெஜம் தள்ளி இருக்க வாய்ப்புண்டு, அதனால் மரத்தில் அடித்த பலகையையும் பெயிண்ட் குறியையும் நேரில் போய்ப் பார். உரிமையாளர் பெயர் கிடைத்ததும் சும்மா எல்லை கேட்க மட்டும் போகாதே, நடந்து போக அனுமதியையும் சேர்த்துக் கேட்டுவிடு. சீசன் நெருங்கிய பிறகு கேட்காதே, கோடையில் கேள்.